தோளைப் பிடித்திருக்கும் தசைகள்

மனித உடலிலேயே மிகப் பரந்த அசைவுள்ள மூட்டு தோள்மூட்டு. கையை முன்னால் நீட்டவும், பின்னால் கொண்டுபோகவும், பக்கவாட்டில் விரித்துக் காதை ஒட்டி உயர்த்தவும், மார்புக்குக் குறுக்கே மடக்கவும், தன் அச்சிலேயே உள்ளும் புறமும் திருப்பவும் இந்த மூட்டு இடம் தருகிறது. இடுப்பு மூட்டும் இதே பந்துக்கிண்ண வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் நன்றாகப் புதைந்திருக்கிறது. உடலின் எடையைத் தாங்கவேண்டிய மூட்டுக்கு அந்த ஆழம் தேவை. தோளில் குழி சிறியது, ஆழமற்றது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் எந்த நேரத்திலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மீதிப் பரப்புக்கு எலும்பின் துணை கிடையாது.

எலும்பு விட்டுக்கொடுத்த உறுதியைத் தசைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மற்ற பெரிய மூட்டுகளில் எலும்பின் பொருத்தமும் பிணைநார்களும் காவலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. தோளில் அசைப்பதும் தசை, அசையும்போது மூட்டைக் காப்பதும் தசை. தோளில் வரும் வலிகளில் பெரும்பாலானவை எலும்பைவிடத் தசைகளையும் அவற்றின் நாண்களையும் சார்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

எலும்புகளின் அமைப்பு

தோள் வளையத்தில் மூன்று எலும்புகள் சேர்கின்றன: முன்னால் காறை எலும்பு, பின்னால் தோள்பட்டை எலும்பு, இவற்றோடு மேற்கை எலும்பின் மேல்முனை. காறை எலும்பின் உள்முனை மார்பெலும்போடு சேர்கிறது. கை முழுவதும் உடற்சட்டகத்தோடு எலும்பு வழியாக இணையும் இடம் இது ஒன்றுதான். கழுத்தின் அடியில், நடுக்குழிக்கு இருபுறமும் விரலால் தொட்டு உணரக்கூடிய சிறு முடிச்சு அது. கையை உயர்த்தினால் அந்த முடிச்சும் விரலுக்கடியில் நகர்வது தெரியும்.

தோள்பட்டை எலும்பு தட்டையான முக்கோணம். இரண்டாவது விலா முதல் ஏழாவது விலா வரையிலான உயரத்தில் முதுகுப்புறம் அமர்ந்திருக்கிறது. விலாக்களோடு அதற்கு எலும்பு மூட்டு எதுவும் இல்லை. தசைப் படுகையின் மேல் வழுக்கி நகர்கிறது. இதில் 17 தசைகள் வந்து ஒட்டுகின்றன. இதன் பின்புறத்தில் ஒரு குறுக்கு மேடு ஓடி, எலும்பை மேலே ஒரு சிறு பள்ளமாகவும் கீழே ஒரு பெரிய பள்ளமாகவும் பிரிக்கிறது. அந்த மேடு வெளிப்புறமாக நீண்டு, தோளின் உச்சியில் கூரைபோல் கவியும் அக்ரோமியன் என்ற முனையாக முடிகிறது. முன்புறம் கொக்கியாக வளைந்து நிற்பது கோரகாய்டு நீட்சி. வெளி மூலையில், இவை இரண்டுக்கும் கீழே, மூட்டுக்குழி இருக்கிறது. குழியின் ஓரத்தைச் சுற்றி நாருடன் கூடிய குருத்தெலும்பு விளிம்பு ஒன்று அமைந்து அதன் ஆழத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. மூட்டை மூடும் உறை தளர்வானது. கை தொங்கும்போது அக்குள் பக்கம் மடிப்பாகச் சுருங்கிக் கிடந்து, கை உயரும்போது விரிந்துகொடுக்கும். இந்த மடிப்பு ஒட்டிப்போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

நாலுகால் விலங்குகளோடு ஒப்பிட்டால் இந்த அமைப்பின் அருமை புரியும். குதிரைக்குக் காறை எலும்பே கிடையாது. அதன் முன்கால்களுக்கும் மார்புக்கூட்டுக்கும் இடையே எலும்புத் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உடல் தசைகளால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அங்கே உடலைத் தாங்குவதில் முதன்மையான தசையின் இணைதான் மனிதனிடம் விலாவோரம் உள்ள செரட்டஸ் தசை. மனிதன் நிமிர்ந்து நின்றதும் வேலை தலைகீழானது. கை உடலைத் தாங்கும் நிலை போய், உடல் கையைத் தாங்கும் நிலை வந்தது. மரக்கிளைகளில் கையால் தொங்கி வாழ்ந்த மூதாதையரிடமிருந்து அகன்ற மார்பும், முதுகுப்பக்கம் தள்ளி அமைந்த தோள்பட்டையும், கையை விலக்கிப் பிடிக்கும் நீண்ட காறை எலும்பும் மனிதனுக்குக் கிடைத்தன.

தோள்பட்டையை நகர்த்தும் தசைகள்

கையை உயர்த்துவது என்றால் மேற்கை எலும்பை மட்டும் தூக்குவது என்று தோன்றும். குழி அமைந்துள்ள தோள்பட்டையையும் சேர்த்துத் திருப்பினால்தான் கை முழு உயரத்தை எட்டும். அந்தத் திருப்பலுக்கென்றே உடற்கூட்டிலிருந்து தோள்பட்டைக்கு ஓடும் தசைத் தொகுதி ஒன்று உண்டு.

அவற்றில் பெரியது ட்ரபீசியஸ். மண்டையோட்டின் பின்புறத்தில் தொடங்கிக் கழுத்து வழியாக மார்புப் பகுதியின் பன்னிரண்டாவது முள்ளெலும்பு வரை நடுமுதுகில் ஒட்டி, அங்கிருந்து குவிந்து காறை எலும்பின் வெளிப்பகுதி, அக்ரோமியன், தோள்பட்டையின் குறுக்கு மேடு ஆகியவற்றில் முடிகிறது. இதன் மேல்பகுதி தோளைத் தூக்கும், நடுப்பகுதி முதுகுத்தண்டை நோக்கி இழுக்கும், கீழ்ப்பகுதி கீழ்நோக்கி இழுக்கும். ஒரே தசை எதிரெதிர்த் திசையில் இழுப்பது முரணாகத் தோன்றலாம். மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே நேரத்தில் சுருங்கும்போது தோள்பட்டை ஏறவோ இறங்கவோ செய்யாமல் சுழல்கிறது. குழி மேல்நோக்கித் திரும்புகிறது. கணினி முன் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தும் தோளும் சேருமிடத்தில் பிசைந்துவிடச் சொல்வது பெரும்பாலும் இந்தத் தசையின் மேல்பகுதியைத்தான்.

இந்தச் சுழற்சியில் ட்ரபீசியஸின் கூட்டாளி செரட்டஸ் ஆன்டீரியர். மேலிருந்து எட்டு அல்லது ஒன்பது விலாக்களில் பல் பல்லாகப் புறப்பட்டு, விலாக்கூட்டைத் தழுவிப் பின்னால் சென்று, தோள்பட்டையின் உள்ளோரத்தில் ஒட்டுகிறது. இதன் கீழ்ப்பற்கள் தோள்பட்டையின் கீழ்முனையை முன்னிழுத்துக் குழியை மேல்நோக்கித் திருப்புகின்றன. குத்துச்சண்டைக்காரர் கையை முன்னே செலுத்தும்போது தோள்பட்டையையும் சேர்த்து முன்னே தள்ளுவது இந்தத் தசை. இதற்கு வரும் நரம்பு மார்பின் பக்கவாட்டில் நீளமாக, அதிகப் பாதுகாப்பின்றி இறங்குகிறது. மார்பகப் புற்றுக்காக அக்குளில் அறுவை செய்யும்போது அறுவை மருத்துவர்கள் தேடிக் காப்பாற்றும் நரம்புகளில் இதுவும் ஒன்று. அது செயலிழந்தால் சுவரைக் கையால் தள்ளும்போது தோள்பட்டையின் உள்ளோரம் முதுகை விட்டுச் சிறகாக எழும்பி நிற்கும். அந்தக் கையைத் தலைக்கு மேல் உயர்த்துவதும் இயலாமல் போகும். கையில் உள்ள தசைகள் எல்லாம் நன்றாக இருந்தும் கை உயராது என்பதே தோள்பட்டைத் தசைகளின் முக்கியத்துவத்துக்குப் போதிய சான்று.

மற்றவை சிறியவை. லெவேட்டர் ஸ்கேபுலே கழுத்தின் மேல் நான்கு முள்ளெலும்புகளிலிருந்து இறங்கித் தோள்பட்டையின் மேல்மூலையைத் தூக்குகிறது. ராம்பாய்டு தசைகள் இரண்டும் தோள்பட்டையை முதுகுத்தண்டை நோக்கி இழுக்கின்றன. மார்பின் முன்புறம், பெரிய மார்புத் தசைக்கு அடியில் மறைந்திருக்கும் பெக்டோராலிஸ் மைனர் கோரகாய்டு நீட்சியைப் பிடித்து முன்னும் கீழும் இழுக்கிறது. கூனி உட்காரும் பழக்கத்தில் இது சுருங்கியே கிடந்து தோள்களை முன்னோக்கி வளைக்கும். காறை எலும்புக்கு அடியில் சப்கிளேவியஸ் என்ற மெல்லிய தசை அந்த எலும்பை நிலைநிறுத்துகிறது.

டெல்டாய்டும் அதற்கடியில் நால்வரும்

தோளின் உருண்ட வடிவத்தைத் தருவது டெல்டாய்டு. காறை எலும்பின் வெளிப்பகுதி, அக்ரோமியன், குறுக்கு மேடு என ட்ரபீசியஸ் முடியும் அதே விளிம்பில் இது தொடங்கி, மேற்கை எலும்பின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே, வெளிப்பக்கத்தில் குவிந்து ஒட்டுகிறது. முன்பகுதி கையை முன்னே உயர்த்தி உட்புறம் திருப்பும். பின்பகுதி பின்னே இழுத்து வெளிப்புறம் திருப்பும். நடுப்பகுதி பக்கவாட்டில் தூக்கும். நடுப்பகுதியின் இழைகள் நேராக ஓடாமல், உள்ளே இருக்கும் பல நாண்களில் சாய்வாக வந்து சேர்கின்றன. இப்படி அடுக்கினால் குறைந்த இடத்தில் அதிக இழைகள் அடங்கும். சுருங்கும் தூரம் குறைந்தாலும் இழுக்கும் விசை கூடும்.

தசைக்குள் போடும் தடுப்பூசிகளுக்குப் பெரியவர்களிடம் தேர்ந்தெடுக்கப்படும் இடமும் டெல்டாய்டுதான். 2021இல் கோடிக்கணக்கான இந்தியர்கள் கோவிட் தடுப்பூசியை இங்கேதான் போட்டுக்கொண்டார்கள். அக்ரோமியனுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் பருமனான நடுவில் ஊசி இறங்கவேண்டும். மிக மேலே போட்டால் மருந்து மூட்டை ஒட்டிய திரவப் பையில் சேர்ந்து, மாதக்கணக்கில் தோள்வலி நீடிக்கலாம். மிகக் கீழே போனால் தசையைச் சுற்றிவரும் அக்குள் நரம்பை நெருங்கிவிடும். பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில் போடப்படும் பி.சி.ஜி. வேறு கணக்கு, அது தோலுக்குள்ளேயே நின்றுவிடும், தசையைத் தொடாது.

டெல்டாய்டை விலக்கிப் பார்த்தால் தெரிபவை ரோட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். குறுக்கு மேட்டுக்கு மேலே உள்ள பள்ளத்திலிருந்து சுப்ராஸ்பைனேட்டஸ் வருகிறது. கீழ்ப்பள்ளத்திலிருந்து இன்ஃப்ராஸ்பைனேட்டஸும், அதற்கும் கீழே வெளியோரத்திலிருந்து டெரெஸ் மைனரும் வருகின்றன. தோள்பட்டையின் முன்பக்கம், விலாக்களைப் பார்த்த பரப்பு முழுவதையும் சப்ஸ்கேபுலாரிஸ் நிரப்பியிருக்கிறது; நான்கில் பெரியதும் வலியதும் அதுவே. இவற்றின் நாண்கள் தனித்தனியாக ஒட்டுவதில்லை. மூட்டுறையோடும் ஒன்றோடொன்றும் பின்னிக்கொண்டு, மேற்கை எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னும் மூடும் ஒரே பட்டையாக முடிகின்றன. அடிப்பக்கத்தில் மட்டும் மூடல் இல்லை. தோள் கழன்றால் பெரும்பாலும் எலும்பின் தலை முன்னும் கீழுமாக நழுவுவதற்கு இந்தத் திறந்த வாசலும் ஒரு காரணம்.

நான்கும் தனித்தனியே செய்யும் அசைவுகள் எளியவை: சுப்ராஸ்பைனேட்டஸ் பக்கவாட்டில் தூக்குவதில் உதவும், இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரெஸ் மைனரும் வெளிப்புறம் திருப்பும், சப்ஸ்கேபுலாரிஸ் உட்புறம் திருப்பும். தலைவாரக் கையைக் கொண்டுபோவதில் வெளித்திருப்பலும், ரவிக்கையின் பின்கொக்கியை மாட்டுவதில் உட்திருப்பலும் இருக்கின்றன. ஆனால் இவற்றின் உண்மையான மதிப்பு நான்கும் சேர்ந்து இழுக்கும்போதுதான் தெரியும். அப்போது எலும்பின் தலை குழியின் நடுவில் அழுத்தி வைக்கப்படுகிறது. தோளில் வேறு எந்தத் தசையும் அந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

டெல்டாய்டு கை தொங்கும் நிலையில் சுருங்கினால் அதன் இழுப்பு ஏறக்குறைய நேர் மேல்நோக்கியே இருக்கும். அதைத் தனியே விட்டால் கை உயர்வதற்குப் பதில் எலும்பின் தலை மேலேறி அக்ரோமியன் கூரையில் மோதும். கீழே கிடக்கும் நீண்ட ஏணியை நிமிர்த்தும்போது ஒருவர் அடியை மிதித்துக்கொள்ள மற்றவர் தூக்குவார். மிதிப்பவர் இல்லையென்றால் ஏணி நிமிராமல் தரையில் இழுபடும். டெல்டாய்டு தூக்குபவர், ரோட்டேட்டர் கஃப் மிதிப்பவர். உடற்பயிற்சிக் கூடத்தில் கண்ணாடியில் தெரியும் டெல்டாய்டை மட்டும் வளர்த்து, வெளியே தெரியாத இந்த நால்வரையும் கவனிக்காமல் விடுவது தோளுக்குக் கேடு என்று சொல்வதற்கு அடிப்படை இந்த இயக்கவியல்தான்.

பழைய பாடப்புத்தகங்களில் கையைப் பக்கவாட்டில் தூக்கும் முதல் 15 பாகையை சுப்ராஸ்பைனேட்டஸ் செய்யும், மீதியை டெல்டாய்டு செய்யும் என்று எழுதியிருக்கும். மருத்துவ மாணவர்கள் பலர் இன்றும் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். தசைகளின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்தபோது இரண்டும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வேலை செய்வது தெரிந்தது. சுப்ராஸ்பைனேட்டஸுக்கு வரும் நரம்பை மரக்கவைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் கை உயர்ந்தது, பலம்தான் குறைந்தது. பழைய பாடத்தை மாற்றவேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

சுமையோடு தொங்கும் கையைப் பற்றிய செய்தியும் இதேபோல் எதிர்பாராதது. தண்ணீர் நிறைந்த வாளியைக் கையில் தூக்கி நிற்கும்போது தோள் மூட்டு கீழே பிரிந்துவிடாமல் டெல்டாய்டும், மேற்கையின் முன்பின் தசைகளும் பிடித்துக்கொள்கின்றன என்று நினைப்பது இயல்பு. கனடாவைச் சேர்ந்த உடற்கூறியல் அறிஞர் ஜான் பாஸ்மாஜியன் 1959இல் வெளியிட்ட ஆய்வில் செங்குத்தாக ஓடும் இந்தத் தசைகள் சுமையின்போது பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. மூட்டுறையின் மேல்பகுதி விறைத்து, படுக்கைவாட்டில் இழுக்கும் சுப்ராஸ்பைனேட்டஸின் துணையோடு எலும்பின் தலையைச் சாய்ந்த குழியில் பதித்து வைத்திருந்தது.

பெரிய இழுப்புத் தசைகள்

கையைக் கீழும் உள்ளும் இழுக்கும் பெரிய தசைகள் இரண்டு. முன்னால் பெக்டோராலிஸ் மேஜர். காறை எலும்பு, மார்பெலும்பு, விலாக் குருத்துகள் ஆகியவற்றிலிருந்து திரண்டு வந்து மேற்கை எலும்பில் ஒட்டி, அக்குளின் முன்மடிப்பாகத் தெரிகிறது. பின்னால் லாட்டிசிமஸ் டார்சி; கீழ்முதுகிலும் இடுப்பெலும்பின் விளிம்பிலும் தொடங்கி மேலேறி, அக்குளின் பின்மடிப்பைச் சுற்றிக்கொண்டு மேற்கை எலும்பின் முன்புறத்தில் முடிகிறது. டெரெஸ் மேஜர் அதன் துணைத் தசை.

கையின் முனை நிலையாக ஓரிடத்தைப் பற்றியிருக்கும்போது இந்தத் தசைகள் கையை உடலிடம் இழுக்காமல் உடலைக் கையிடம் இழுக்கின்றன. பனை ஏறும் தொழிலாளி மேலே பற்றிய மரத்தை நோக்கித் தன் உடலை ஏற்றிக்கொள்வது இப்படித்தான். ஊன்றுகோலில் எடையைப் போட்டு நடப்பவருக்கும் இவையே உதவுகின்றன. ஆஸ்துமாவால் மூச்சுத் திணறுபவர் மேசையில் கையை ஊன்றி முன்சாய்ந்து நிற்பதற்கும் காரணம் உண்டு: கை ஊன்றியதும் மார்புத் தசைகள் விலாக்களைத் தூக்கி மூச்சை இழுக்கத் துணைசெய்கின்றன.

மேற்கையின் முன்தசையான பைசெப்ஸின் நீண்ட நாண் மூட்டுக்குள்ளேயே புகுந்து குழியின் மேல்விளிம்பில் ஒட்டுகிறது. பின்தசையான ட்ரைசெப்ஸின் நீண்ட தலை குழிக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் முதன்மையாக முழங்கையின் தசைகள்.

கை உயரும் கணக்கு

கையைத் தொங்கும் நிலையிலிருந்து தலைக்கு மேல் உயர்த்துவது 180 பாகை. இதில் தோள்மூட்டின் பங்கு ஏறக்குறைய 120, தோள்பட்டை சுழல்வதால் கிடைப்பது 60. அமெரிக்காவில் இன்மன், சாண்டர்ஸ், அபாட் ஆகிய மூவர் எக்ஸ்ரே படங்களையும் தசை மின்பதிவுகளையும் கொண்டு 1944இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை நிலைநாட்டியது. பின்வந்த அளவீடுகளில் ஆளுக்கு ஆள், உயரத்துக்கு உயரம் விகிதம் மாறுவது தெரிந்தாலும், தோள்பட்டையும் கையும் தாளம் தவறாமல் சேர்ந்தே நகரும் என்ற அடிப்படை மாறவில்லை. முதல் 30 பாகையில் தோள்பட்டை அதிகம் அசையாது. தனக்கு வசதியான நிலையைத் தேடிக்கொள்ளும். அதன்பின் சுழலத் தொடங்கும். காறை எலும்பும் உயர்ந்து, தன் நீள அச்சில் பின்னோக்கித் திரும்பும். மேற்கை எலும்பு வெளிப்புறமாகத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் அதன் வெளிமுடிச்சு அக்ரோமியனில் இடிக்கும். உள்ளங்கையைப் பின்பக்கம் பார்த்தபடி வைத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோளளவோடு தடை வருவதையும், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பியதும் தடை விலகுவதையும் எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

எறிவதில் இந்த ஒத்திசைவு உச்சத்தைத் தொடுகிறது. நீல் ரோச்சும் சகாக்களும் 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பந்தெறிபவர் கையைப் பின்னே வளைக்கும்போது தோளின் பிணைநார்களும் நாண்களும் தசைகளும் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. விடுபடும்போது மேற்கை எலும்பு நொடிக்கு 9,000 பாகை வேகம்வரை உட்புறம் சுழல்கிறது. மனித உடல் செய்யும் மிக வேகமான அசைவு இது. சிம்பன்ஸியின் தசைபலம் அதிகமாக இருந்தும் அதனால் இப்படி எறிய முடியாது. இதற்குத் தேவையான உடற்கூறுகள் சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஹோமோ எரெக்டஸில் ஒன்றுசேர்ந்தன என்பது அவர்களின் முடிவு. எறிந்தபின் பாய்ந்துபோகும் கையை நிறுத்துவதில் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரெஸ் மைனரும் பெரும்பங்கு ஏற்கின்றன. சுருங்க முயன்றபடியே நீள்வது தசைக்கு மிகக் கடினமான வேலை. எல்லைக்கோட்டிலிருந்து நாள் முழுக்கப் பந்தெறியும் கிரிக்கெட் வீரருக்குத் தோளின் பின்புறம் வலிப்பது இதனால்தான்.

நரம்புகள்

ட்ரபீசியஸுக்கு மட்டும் கட்டளை பதினோராவது மண்டை நரம்பிலிருந்து வருகிறது. கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்குச் சற்றே கீழே ஓடும் அந்த நரம்பு, நெறிகட்டியை அகற்றும் சிறு அறுவையில்கூட வெட்டுப்படலாம். பிறகு தோள் சரிந்து தொங்கும். மற்றத் தசைகளுக்குக் கழுத்துத் தண்டுவட நரம்புகள், பெரும்பாலும் ஐந்தாவதும் ஆறாவதும், கைநரம்புப் பின்னல் வழியாகக் கிளை அனுப்புகின்றன. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கி, கழுத்து இழுபட்டு இந்த இரண்டு நரம்புகளும் காயப்பட்டால், டெல்டாய்டும் வெளித்திருப்பும் தசைகளும் ஒருசேரச் செயலிழக்கும். எதிர்ப்பவர் இல்லாத உட்திருப்பும் தசைகள் வெல்ல, கை உடலோடு ஒட்டி, உள்ளங்கை பின்னோக்கித் திரும்பித் தொங்கும். பல குழந்தைகள் சில மாதங்களில் மீண்டுவிடுகிறார்கள்.

கோளாறுகள்

அக்ரோமியனுக்கும் எலும்பின் தலைக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சுப்ராஸ்பைனேட்டஸின் நாணும் அதை உராயாமல் காக்கும் திரவப் பையும் அந்த இடுக்கில்தான் அடங்கவேண்டும். வயது ஏற ஏற நாண் தேய்ந்து நைகிறது. எலும்பில் ஒட்டும் இடத்தருகே கிழிசல் விழுகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 பாகைக்குள் மட்டும் வலித்து, அதைத் தாண்டியதும் குறைந்தால் இந்த இடுக்கில் கோளாறு என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் 1934இல் தோளுக்கென்றே எழுதிய புத்தகத்தில் இந்தக் கிழிசல்களை விரிவாக விவரித்தார்.

கிழிசல் இருந்தால் வலி இருந்தே தீரும் என்பதில்லை. தோளில் எந்தத் தொல்லையும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பகுதியாகவோ முழுதாகவோ கிழிசல் இருந்தது. மற்ற தசைகள் ஈடுகட்டும்வரை தோள் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் ‘கிழிசல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அறுவைக்கு ஓடவேண்டியதில்லை. அக்ரோமியனின் அடிப்பகுதியைச் சீவி இடைவெளியை அகலமாக்கும் அறுவை உலகெங்கும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று அந்த அறுவையை, கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் முடித்த போலி அறுவையோடு ஒப்பிட்டது. இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு வந்த பின்லாந்து ஆய்வும் இதையே காட்டியது. பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான்: ரப்பர் பட்டையை இழுத்து வெளித்திருப்பும் தசைகளை வலுவாக்குவது, சுவரைத் தள்ளிச் செரட்டஸை வலுவாக்குவது, கீழ் ட்ரபீசியஸைத் தட்டியெழுப்புவது. சில வாரங்களில் கைவிடாமல், பிசியோதெரபி நிபுணரின் மேற்பார்வையில் மூன்று மாதமாவது தொடரவேண்டும். கீழே விழுந்து திடீரெனக் கையைத் தூக்க முடியாமல் போனால் கதை வேறு. அத்தகைய கிழிசலுக்கு அறுவை விரைவில் தேவைப்படலாம்.

ரோட்டேட்டர் கஃப் நால்வரும் மீளமுடியாமல் போய், மூட்டும் தேய்ந்தவர்களுக்கு பிரெஞ்சு மருத்துவர் பால் கிராமோன் 1985இல் ஒரு வழி கண்டார். செயற்கை மூட்டில் பந்தைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தை மேற்கை எலும்பிலும் தலைகீழாகப் பொருத்தினார். சுழல்மையம் உள்ளும் கீழும் நகர்ந்ததால் டெல்டாய்டுக்கு நெம்புகோலின் நீளம் கூடியது; கஃப் இல்லாமலே அது கையை உயர்த்தியது. தோளின் இயக்கவியலைப் புரிந்துகொண்டதால் விளைந்த மிக அழகான அறுவைக் கண்டுபிடிப்பு இது என்று சொல்லலாம்.

உறைதோள் என்பது தசைக் கிழிசல் அன்று. மூட்டுறை அழற்சியுற்றுத் தடித்து, அக்குள் பக்கத்து மடிப்புகள் ஒட்டிச் சுருங்கிவிடுகின்றன. 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாகவும், நீரிழிவு உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகமாகவும் வருகிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கும் நிலையில் இது அரிய நோயாக இருக்க வாய்ப்பில்லை. முதலில் போவது வெளித்திருப்பல்; தலைவார முடியவில்லை, சட்டைக் கையில் கை நுழையவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்பவை வழக்கமான முறையீடுகள். கஃப் கிழிந்தவருக்குத் தானாகக் கையைத் தூக்க முடியாவிட்டாலும் மற்றவர் தூக்கிவிட்டால் உயரும். உறைதோளில் யார் தூக்கினாலும் உயராது. இது ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் தானே தளரும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் மென்மையான பயிற்சியும் அந்தக் காலத்தைத் தாங்கத்தக்கதாக்கும். வலிக்க வலிக்க முறுக்கி விடுவது நிலைமையை மோசமாக்கும்.

பக்கவாதத்தில் தோளுக்கு வேறொரு ஆபத்து. தசைகள் துவண்ட வாரங்களில் எலும்பின் தலை கையின் எடையாலேயே கீழே நழுவி, அக்ரோமியனுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரியும். அந்த நேரத்தில் நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் மூட்டைச் சிதைக்கும். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வைத்துத் தாங்கவேண்டும். எழுப்பும்போது இடுப்பைப் பிடித்து எழுப்பவேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் அனைவருக்கும் இது தெரிந்திருப்பது அவசியம்.

தோளில் உணரும் வலி தோளுடையதாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கழுத்துத் தண்டுவட நரம்பு அழுந்தினாலும் தோளில் வலிக்கும். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்தின் மூன்றாவது முதல் ஐந்தாவது தண்டுவட நரம்புகளிலிருந்தே புறப்படுவதால், வயிற்றுக்குள் உதரவிதானத்தைச் சீண்டும் எதுவும் தோள்முனையில் வலியாகத் தெரியலாம். லேப்ராஸ்கோபி அறுவைக்குப் பின் உள்ளே தங்கும் வாயுவால் தோள் வலிப்பதும், பித்தப்பைக் கோளாறில் வலது தோள் வலிப்பதும் அப்படியே. இதயத்தின் வலி இடது தோளுக்கும் கைக்கும் பரவும். கையை எப்படி அசைத்தாலும் கூடாமல் குறையாமல் நிற்கும் தோள்வலியோடு மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.